இரவல் வலி

மழை மாதங்களில் மேகமலைத் தேயிலைக் காட்டுக்குள் போய்வருபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றுவார்கள். காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, விரலிடுக்கு, கணுக்கால், உள்ளங்கால் என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். தேடுவது அட்டையை. ஈரச் சருகிலிருந்து நூலிழை போல நெளிந்து வந்து காலில் ஏறும் அட்டை, வயிறு முட்ட ரத்தம் குடித்துப் பருத்து உதிர்ந்த பிறகுதான் கடிபட்டதே பலருக்கும் தெரியும். அதன் எச்சிலில் ஒரு புரதம் இருக்கிறது. ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது அதன் வேலை. அட்டை போன பின்னும் கடிவாய் கசிந்துகொண்டே இருக்கும். அந்தப் பிசுபிசுப்பும், பின்னாலேயே வரும் அரிப்பும் ஆளுக்குச் சேதி சொல்லும்.

அந்தச் சேதி வந்து சேராத கால்கள் உண்டு. மலைமேல் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு எஸ்டேட்களின் லயன் வீடுகளிலும் இருக்கின்றன. அடிவாரத்தில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் தெருக்களிலும் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை நோயோடு வாழ்ந்து நரம்பு மரத்துப்போனவர்களின் கால்கள் அவை. வழியில் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வீடுவரை நடந்து வருவார்கள். செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லோடு ஒரு பகல் முழுக்க வேலை பார்ப்பார்கள். சிமெண்டுத் தரையில் ரத்தத் தடத்தைக் கண்டு வீட்டில் யாராவது கேட்ட பிறகே, அடிபட்டது தன் கால் என்று அறிவார்கள்.

இப்படிப்பட்ட காலைக் காப்பாற்றும் வேலையில், மருந்துக்கும் கத்திக்கும் முன்னால் நிற்பது செவிலியரின் கண்ணும் கையும். கால் தொலைத்துவிட்ட வலியை அவர் தன் கண்ணாலும் கையாலும் அதற்கு இரவல் கொடுக்கிறார். அந்த இரவல் எப்படிக் கைமாறுகிறது என்பதே இந்த அத்தியாயம்.

நீளமான நரம்புக்கு முதல் அடி

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க 1,13,043 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த அந்த ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. நூறு பெரியவர்களில் பதினொரு பேருக்கு மேல். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் நரம்பு பாதிப்பு வரும்.

அது காலில் தொடங்குவதற்குக் காரணம் எளிது. உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் கீழ்முதுகிலிருந்து கால்விரல் நுனிவரை ஓடுகின்றன. ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருக்கும்போது நரம்பிழையும் கெடுகிறது, அதற்கு ரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய்களும் கெடுகின்றன. நீளம் கூடக்கூடச் சேதத்துக்கு வாய்ப்பும் கூடுகிறது. அதனால் விரல் நுனியில் தொடங்கிய மரமரப்பு, காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மெல்ல மேலேறுகிறது. 'மதமதன்னு இருக்கு', 'பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு', 'ராத்திரியில எரியுது' என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். எரிச்சல் நின்றுபோனதும் 'சரியாயிருச்சு' என்று சந்தோஷப்படுபவர்களும் உண்டு. பல நேரங்களில் உணர்வு முழுசாகப் போய்விட்டதன் அடையாளம் அது.

கெடுவது தொடுவுணர்வு மட்டும் என்றில்லை. பாதத்தின் சிறுசிறு தசைகளை இயக்கும் நரம்பும் தளர்கிறது. விரல்கள் கொக்கி போல வளைகின்றன; விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் கீழே புடைத்து, உடம்பின் எடை அந்தச் சில புள்ளிகளில் வந்து இறங்குகிறது. வியர்வையைக் கவனிக்கும் நரம்பு கெடும்போது தோல் வறண்டு, குதிகால் வெடித்து, பித்தவெடிப்புக்குள் அழுக்கும் கிருமியும் புகுகின்றன. எடை அழுத்தும் இடத்தில் தோல் தடித்து ஆணியாகிறது. ஆணி என்பது காலடியில் நிரந்தரமாக ஒட்டிய கல். அதன் மேல் நடக்க நடக்க அடியில் சதை நசுங்கி, வெளியே தெரியாமல் உள்ளே புண் பிறக்கிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கால் அகற்றப்பட்ட 80 சம்பவங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் துருவிய ஓர் ஆய்வு 1990இல் வெளிவந்தது. நூற்றுக்கு 84 சம்பவங்களில் கத்தி வருவதற்கு முன்னால் காலில் ஒரு புண் இருந்திருக்கிறது. அந்தப் புண்ணுக்கும் முன்னால், மிகப் பெரும்பாலானவற்றில் தடுத்திருக்கக்கூடிய ஒரு சின்னக் காயம் இருந்திருக்கிறது: கடித்த செருப்பு, தவறி வெட்டிய நகம், குத்திய முள். ஒரு முள்ளிலிருந்து அறுவை மேசைவரை நீளும் சங்கிலியின் முதல் கண்ணியை அறுப்பதற்கு மிகத் தோதான இடத்தில் இருப்பவர் செவிலியர்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

மரத்துப்போன காலைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் கற்ற பாடம். கற்பித்தவர்கள் தொழுநோயாளிகள்.

1914இல் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் அறுவை மருத்துவம் படித்துவிட்டு, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் கைகால் விரல்கள் அழுகி உதிரும் என்றுதான் அன்று மருத்துவர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பிராண்ட் நோயாளிகளோடு நாள்முழுக்க இருந்து கவனித்தார். அடுப்புக் கங்குக்குள் வெறுங்கையை விட்டு எடுப்பவர்களையும், காலில் ஆணி குத்தியது தெரியாமல் நடப்பவர்களையும் பார்த்தார். வேலூரில் குணமான இளைஞர்களுக்காக நடந்த நவஜீவ நிலையத்தில் சிலருக்கு இரவோடு இரவாக விரலின் சதை காணாமல் போனது. காவல் இருந்து பார்த்தபோது உண்மை தெரிந்தது. தூங்குபவர்களின் விரலை எலி கடித்துத் தின்றிருந்தது. கடிபட்டவருக்கு விழிப்பே வரவில்லை. அதன்பின் அங்கே பூனைகள் வளர்க்கப்பட்டன.

நோய் விரலைத் தின்னவில்லை, வலி இல்லாத வாழ்க்கை தின்றது என்ற முடிவுக்கு பிராண்ட் வந்தார். ஆரோக்கியமான மனிதன் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கிறான். குதிகாலில் வலித்தால் முன்காலுக்கும், அங்கே வலித்தால் பக்கவாட்டுக்கும் எடையைத் தள்ளுகிறான். மரத்த கால் அப்படிச் செய்வதில்லை. முதல் அடி எங்கே விழுந்ததோ ஆயிரமாவது அடியும் அதே இடத்தில் விழுகிறது.

1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், இதை எலியின் பாதத்தில் சோதித்தார். தோலைக் கிழிக்காத மிதமான அழுத்தம்தான். ஆனால் ஒரே இடத்தில் நாளொன்றுக்குப் பத்தாயிரம் தட்டு. முதலில் சிவந்தது, பிறகு வீங்கியது, சில நாட்களில் புண்ணாகப் பிளந்தது. தட்டும் எண்ணிக்கையைக் குறைத்து இடையிடையே ஓய்வு விட்டபோது பாதம் தாக்குப்பிடித்தது. ஒரு நாள் நடையின் மென்மையான அடிகளே போதும், காலைக் கிழிக்க. கிழியும் முன் பாதம் சூடாகும் என்பதும் அப்போது தெளிவானது.

சர்க்கரை நோயாளிகளின் பாதமும் இதே கதைதான் என்பதை மருத்துவ உலகம் விரைவிலேயே புரிந்துகொண்டது. வேலூர், காரிகிரி, செங்கல்பட்டு ஆகிய இடங்களில் தொழுநோயாளிகளிடம் கற்றவை சர்க்கரை நோய் மருத்துவத்துக்கு இடம்பெயர்ந்தன. புண்பட்ட பாதம் முழுக்கப் படிந்து எடையைப் பரப்பும் மாவுக்கட்டுக்கு மூலவர்களாகச் சொல்லப்படுபவர்கள், 1930களில் சென்னைப் பகுதியில் தொழுநோய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட ஜோசப் கானும் இலங்கையின் மில்ராய் பாலும். அதை அமெரிக்காவில் பரப்பியவர் பிராண்ட். காற்றுக்குமிழ்கள் நிறைந்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் அதே வழியில் வந்தது. இன்று மருந்துக்கடை அலமாரியில் 'சுகர் செருப்பு' என்று தொங்குவது அதன் வாரிசு.

ஐந்து நிமிடம்

மலைமேல் ஒரு சுகாதார முகாம் நடக்கிறது என்றால் வரிசையில் நிற்பவர்கள் கையை நீட்டியபடி வருவார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தம், மீட்டரில் ஓர் எண், ஒரு மாத்திரைப் பொட்டலம். அந்த எண்ணைப் பார்த்து முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு தயக்கத்தைக் கடக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்குவது நம் வழக்கம். வேறொருவர் நம் பாதத்தை ஏந்திப் பார்ப்பது கூச்சம் தரும் காரியம். செவிலியர் குனிந்ததும் முதியவர் காலை உள்ளே இழுத்துக்கொள்வார். "தாயி, நீ போயி என் காலைத் தொடலாமா?" என்பார். "தொட்டாத்தான தாத்தா சூடு தெரியும்" என்று அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு பதிலில் பாதிச் சிகிச்சை அடங்கியிருக்கிறது. அடுத்த முறை கேட்காமலே செருப்பைக் கழற்றுவார்.

முதலில் கண். இரண்டு செருப்பும் கழன்றிருக்க வேண்டும். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், சேற்றுப்புண், நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்ந்திருப்பது, ஆணி, ஆணிக்குள் கருஞ்சிவப்பாகத் தெரியும் ரத்தப் புள்ளி. கடைசியாகச் சொன்னது முக்கியம். அடியில் புண் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி அது. மெட்டி இறுகிப் பதிந்த விரலையும் பார்க்க வேண்டும். காலம் காலமாகக் கழற்றாத மெட்டி, வீங்கிய விரலை நாண் போல இறுக்கிவிடும்; மரத்த விரலுக்கு அது தெரியாது.

அடுத்து கை. இரண்டு பாதத்தையும் புறங்கையால் மாறிமாறித் தொட்டுச் சூட்டை ஒப்பிட வேண்டும். ஒரு காலில் ஓரிடம் மட்டும் மறுகாலின் அதே இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே அழற்சி நடக்கிறது. வெப்பமானி வைத்துப் பார்க்கும் இடங்களில் 2.2 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பிறகு பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேட வேண்டும். துடிப்பு கிடைக்கவில்லை என்றால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு நைலான் இழை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை முடியை வைத்துத் தொடுவுணர்வை அளந்தார்கள். 1960இல் ஜோசபின் செம்ஸ், சிட்னி வெயின்ஸ்டீன் என்ற இரு உளவியலாளர்கள் அதை நைலானாக்கினார்கள். பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழையை உணர முடியாத பாதத்துக்குப் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்ற அளவுகோல் 1986இல் அதே கார்வில் மருத்துவமனையிலிருந்து வந்தது. செவிலியர் முதலில் நோயாளியின் கையில் இழையைத் தொட்டுக் காட்டுவார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலின் அடியிலும், பெருவிரல், சுண்டுவிரல்களின் கீழே புடைத்த மேடுகளிலும், இழை வில்லாக வளையும்வரை ஒன்றிரண்டு நொடி அழுத்துவார். 'தெரியுதா?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்டால் மரியாதைக்காகவே 'தெரியுது' என்று சொல்பவர்கள் நம்மூரில் அதிகம். ஆகவே இடையில் ஒரு தடவை தொடாமலே கேட்பது முறை.

இழை இல்லாத இடத்துக்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட முறைக்கு ஆள்காட்டி விரல் ஒன்று போதும். கண்ணை மூடியிருப்பவரின் இரண்டு பெருவிரல், இரண்டு நடுவிரல், இரண்டு சுண்டுவிரல் ஆகிய ஆறு நுனிகளையும் இறகு தொட்டது போல ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது. லயன் வீட்டில் பேத்தியே பாட்டிக்குச் செய்துவிடலாம்.

முடிவில் செவிலியர் பாதத்தைத் தரம் பிரிக்கிறார். உணர்வும் நாடியும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். இரண்டில் ஒன்று குறைந்திருந்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஒரு தடவை. இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்று குறைந்து பாதத்தின் வடிவமும் மாறியிருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்தவருக்கு முன்பே புண் வந்து ஆறியிருந்தாலோ விரல் அகற்றப்பட்டிருந்தாலோ ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள். சர்வதேச வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது. ஆறிய புண்ணுக்குத்தான் அதிகக் காவல் வேண்டும்: குணமானவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ஓராண்டுக்குள் மறுபடி புண் வருகிறது.

மலையும் பள்ளத்தாக்கும் தரும் காயங்கள்

பாதப் பராமரிப்புக்கான அச்சிட்ட அறிவுரைத் தாள்கள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். காயம் அப்படி இல்லை. நல்ல செவிலியர் தாளை மடித்து வைத்துவிட்டு, 'காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்குற வரைக்கும் கால் எங்கெங்க போகுது?' என்று கேட்கத் தொடங்குவார்.

மேகமலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கால் சரிவில் நாள்முழுக்க நிற்கிறது. ரப்பர் பூட்ஸுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து, தோல் ஊறி, விரலிடுக்கு பிளக்கிறது. அட்டைக்குப் பயந்து உப்பும் சுண்ணாம்பும் புகையிலையும் தேய்ப்பவர்கள் உண்டு. சுண்ணாம்பு ஊறிய தோலை அரித்துவிடும். மார்கழிக் குளிரில் அடுப்போரம் காலை நீட்டுவது சுகமான பழக்கம். மரத்த காலுக்கு அது கொப்புளம். வெந்நீரில் காலை முக்குவதும் அப்படியே. தண்ணீரின் சூட்டை உணர்வுள்ள வேறொருவர் முழங்கையால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கீழே பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் நடும் கால்கள் சேற்றிலும், திராட்சைப் பந்தலுக்குக் கீழே நடக்கும் கால்கள் கம்பியும் முள்ளும் கிடக்கும் மண்ணிலும் இருக்கின்றன. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள் இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். பகல் வெளிச்சத்தில் தன் காலைப் பார்க்க அவர்களுக்கு நேரமே கிடைப்பதில்லை.

வேண்டுதலும் இருக்கிறது. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அக்னிச்சட்டி ஏந்தி வெறுங்காலோடு வருகிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் பக்தர்கள் வரிசையில் மாலை போட்ட நாள் முதல் செருப்பைத் துறந்தவர்கள் ஏராளம். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையும் கோயில் பிரகாரக் கல்லும் மரத்த பாதத்தை எரிக்கும்போது பக்தருக்குத் தெரியாது. 'போகாதீர்கள்' என்று சொல்லும் செவிலியர், அடுத்த ஆண்டு அந்தப் பயணத்தைப் பற்றிய பேச்சையே கேட்க மாட்டார். 'மாலை போடுவதற்கு முன் காலைக் காட்டிவிட்டுப் போங்கள். உணர்வு இல்லாத காலுக்குச் செருப்பு வேண்டும், குருசாமியிடமும் சொல்லுங்கள். விடியற்காலையிலும் அந்தியிலும் நடங்கள். தங்கும் ஒவ்வோர் இடத்திலும் கூட வருபவரை உள்ளங்கால் பார்க்கச் சொல்லுங்கள்' என்று சொல்பவருக்கு வழி திறந்திருக்கும்.

எலியை மறக்கக் கூடாது. வேலூரில் பிராண்ட் கண்டதைத் தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகர மருத்துவர்கள் 2005இல் சர்க்கரை நோயாளிகளிடம் பதிவு செய்தார்கள்: தூக்கத்தில் எலி கடித்துப் புண்ணான பாதங்கள். தானிய மூட்டையும் மனிதரும் ஒரே அறையில் உறங்கும் வீடுகளில், படுக்கும்போது காலைத் துணியால் மூடிக்கொள்ளச் சொல்வதும் செவிலியர் பணியில் அடங்கும்.

செருப்புக்குள் ஒரு கை

செருப்பைப் பற்றிச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வைத் தமிழ்நாட்டுச் செவிலியர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ராயபுரத்தில் உள்ள எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2004இல் வெளியிட்டது. காலில் உணர்வு குறைந்த 241 பேரில் ஒரு பகுதியினர் எம்.சி.ஆர். ரப்பர், பாலியூரித்தேன் நுரை, பாதத்துக்கேற்ப வார்த்த மெத்தை ஆகியவற்றால் ஆன செருப்புகளை அணிந்தார்கள். மற்றவர்கள் கெட்டியான அடித்தோல் கொண்ட வழக்கமான செருப்பிலேயே இருந்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான செருப்புக்காரர்களில் 33 சதவீதத்தினருக்குப் புதிய புண். மெத்தைச் செருப்புக்காரர்களில் 4 சதவீதத்தினருக்கே. அடுத்த ஆண்டு அதே மருத்துவமனை வெளியிட்ட இன்னோர் ஆய்வில், சொன்ன பாதப் பராமரிப்பைத் தவறாமல் கடைப்பிடித்தவர்களுக்குப் புண் நன்றாக ஆறியதும், புதிய புண்ணும் அறுவையும் குறைந்ததும் தெரியவந்தது.

நல்ல செருப்புக்கு அடையாளம் சொல்வது கடினமில்லை. உள்ளே மெத்தென்றும் வெளியே முள் துளைக்காத கெட்டியாகவும் இருக்க வேண்டும். விரலிடுக்கில் வார் இருக்கக் கூடாது, அது அறுக்கும். பின்னால் வார் இருக்க வேண்டும்; அப்போதுதான் கழன்று விழாது. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். பாதம் சாயங்காலம் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது போய் வாங்க வேண்டும். மரத்த காலுக்கு இறுக்கமான செருப்புதான் 'நல்லாப் பிடிச்சிருக்கு' என்று தோன்றும். அதனால் வெறும் காகிதத்தில் காலின் உருவை வரைந்து வெட்டி, அதைச் செருப்புக்குள் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஓரம் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். காலில் போடும் முன் ஒவ்வொரு தடவையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். மலையில் பூட்ஸுக்குள் தேளுக்காக இதைச் செய்பவர்களுக்குக் கூடுதல் பாடம் தேவையில்லை.

வீட்டுக்குள்ளும் செருப்பு என்பது நம் வீடுகளில் எளிதில் நடக்காது. வெளியே போட்ட செருப்பை உள்ளே கொண்டுவர யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்வது எளிய தீர்வு.

நகத்தை நேராக வெட்டி, ஓரத்தை ராவிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் நல்லது. விரலிடுக்குக்குத் தடவக் கூடாது, அங்கே ஈரம் தங்கும். ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும், சுண்ணாம்பும் சோப்பும் குழைத்துப் பூசுவதும் பல புண்களின் தொடக்கம். பயிற்சி பெற்ற கை ஆணியைச் சீவியெடுத்தால் அந்த இடத்தின் அழுத்தம் கால் பங்குக்கும் மேல் குறைகிறது. வீட்டில் செய்யக் கூடாத வேலையும் மருத்துவமனையில் தவறாமல் செய்ய வேண்டிய வேலையும் அது ஒன்றே.

மலை இறங்க வேண்டிய நேரம்

நகரத்தில் இருப்பவர் புண்ணை நாளை காட்டலாம் என்று தள்ளிப்போட்டால் ஒரு நாள்தான் போகும். மேகமலையின் ஹைவேவிஸிலிருந்து சின்னமனூருக்கு வனத்தின் ஊடே பதினெட்டு கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். அங்கிருந்து தேனி, அதையும் தாண்டி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஒரு நாள் கூலி, பேருந்து நேரம், கூட வர ஓர் ஆள் என்று எல்லாம் கூடிவர வேண்டும். வலி இருந்தால் இத்தனையும் தானாகக் கூடிவரும். வலி இல்லாதவர் தள்ளிப்போடுவார்.

ஆகவே எப்போது இறங்க வேண்டும் என்பதை வலியைக் கேட்காமல் முடிவு செய்யச் செவிலியர் கற்றுக்கொடுக்கிறார். தோல் திறந்த எந்தப் புண்ணும், கொப்புளமும் தாமதமில்லாமல் காட்ட வேண்டியவை. சிவப்பு பரவுதல், நாற்றம், சீழ், கறுத்த விரல், காய்ச்சல், காரணமில்லாமல் சர்க்கரை ஏறுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே இறங்க வேண்டும். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் அதுவும் அவசரம். 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் மார்த்தன் ஷார்கோ விவரித்த மூட்டுச் சிதைவின் பாத வடிவம் அது. எலும்புகள் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்க, நோயாளி அதன் மேல் நடந்துகொண்டிருப்பார். சுளுக்கு என்று எண்ணி நீவிவிடும் இடத்தில் பாதம் வடிவத்தையே இழந்துவிடும். காலை ஊன்றாமல் இருப்பது அதற்கு முதல் சிகிச்சை.

இதையெல்லாம் மருத்துவர் ஒருவரால் செய்துவிட முடியாது என்பதை உணர்ந்து உருவானதுதான் 'ஸ்டெப் பை ஸ்டெப்' என்ற பயிற்சித் திட்டம். நாகபுரியின் ஷரத் பெண்ட்சே, தான்சானியாவின் சுல்பிகர் அலி அப்பாஸ், நெதர்லாந்தின் காரல் பேக்கர் ஆகியோர் 2000களின் நடுவில் இந்தியாவிலும் தான்சானியாவிலும் அதைத் தொடங்கினார்கள். அதன் ஒரு நிபந்தனை அழகானது: ஒவ்வொரு மருத்துவமனையிலிருந்தும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஜோடியாக வந்து ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

தமிழ்நாட்டில் அதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2012 முதல் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தொற்றா நோய்ப் பிரிவுகளும், அதற்கான செவிலியர்களும் வந்தார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரிலேயே அரசின் திட்டம் ஒன்றும் வந்திருக்கிறது. மாத்திரை கொடுக்கும் கை அதே வாசலில் உட்கார்ந்து ஒரு தடவை பாதத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு முக்காலி, ஒரு நைலான் இழை, ஆள் ஒருவருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். முதல் இரண்டும் மலிவு. மூன்றாவதைத் தருவதற்கு, ஒரு நாளைக்கு ஒரு செவிலியரிடம் எத்தனை பேரை அனுப்பலாம் என்று நிர்வாகம் மனமிரங்கி யோசிக்க வேண்டும்.

செவிலியர் போன பிறகு மீதி நாட்களுக்கு அந்தக் காலை யார் பார்ப்பது? சர்க்கரை கண்ணையும் மங்கவைக்கும். வயது முதுகைக் குனியவிடாது. ஆகவே வீட்டிலேயே ஒருவரைக் காட்டி, 'இவங்க காலுக்கு நீதான் பொறுப்பு' என்று செவிலியர் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் அது பள்ளிக்கூடம் போகும் பேரனோ பேத்தியோ. மேகமலையில் அந்தப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 'சாயங்காலம் அட்டை பாப்பீங்கல்ல, அதே மாதிரி தாத்தாவுக்குப் பாரு. மழை இல்லாத நாள்லயும் பாரு' என்றால் புரிந்துகொள்ளும். கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, இரண்டு குதிகால், இரண்டு உள்ளங்கால், பத்து விரல், எட்டு இடுக்கு என்று சோறு போடும் முன் எண்ணி முடித்துவிடும். சந்தேகமாக ஏதாவது தென்பட்டால் அந்த வெளிச்சத்திலேயே ஒரு படம் எடுத்துச் செவிலியருக்கு அனுப்பும். சிக்னல் இல்லாத லயனாக இருந்தால் காலையில் மேட்டுக்கு ஏறிப்போய் அனுப்பும்.